குளவி மரத்தடியில்

இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கினோம். முதல் நாள் காலையில் விழித்துப் பார்த்தால் என் இடது காலில் மட்டும் ஏழு அட்டைகள். என் கணவர் குமரன் உப்புப் பொட்டலத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டார். "பயப்படாத. அட்டை கடிச்சு யாரும் செத்ததில்ல" என்றார். நான் பயப்படுவதற்கு யாரும் சாக வேண்டிய அவசியமில்லை. திருச்சியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். வகுப்பறைக்கு வெளியே எனக்கு எல்லாமே பயம்தான். லிஃப்ட், நாய், படகு, மேம்பாலத்தில் முந்திச் செல்லும் லாரி.

கொழும்பில் ஒரு சிநேகிதியின் தங்கை கல்யாணம். அதற்காகத்தான் வந்தோம். கல்யாணம் முடிந்ததும் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, கூடாரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐந்து நாள் மலையில் சுற்ற வேண்டும் என்பது குமரனுடைய ஆசை. கல்யாணமான நாளிலிருந்து ஏதாவது ஒரு மலையைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வருடம் மறுத்தேன். எட்டு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்ததால், இந்த முறை சாக்கு எதுவும் மிச்சமில்லை.

அந்தப் பக்கத்து ரோடுகளில் வளைவுக்கு வளைவு ஒரு பலகை நிற்கிறது. மண்சரிவு அபாயம் என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. மூன்று மொழியில் பயமுறுத்தப்பட்டது எனக்கு அதுதான் முதல் முறை. பலகை வரும்போதெல்லாம் குமரனுடைய சட்டையை இறுக்கிப் பிடித்தேன். அவர் வேகத்தைக் குறைத்தாலும் பயம், கூட்டினாலும் பயம். குறைத்தால் அந்த இடத்தில் அதிக நேரம் இருக்க வேண்டுமே.

ரோட்டோரத்து டீக்கடை ஒன்றில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டோம். வெங்காயமும் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்த அந்தச் சம்பல் காது வரைக்கும் உறைத்தது. நம் ஊரில் டீயில் சர்க்கரையைப் போட்டுத் தருவார்கள். அங்கே பால் இல்லாத டீயைத் தந்துவிட்டு, உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார்கள். சீனியை நக்கிக்கொண்டு டீயைக் குடிக்க வேண்டும். கடைக்காரர் நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கங்க?"

"திருச்சி."

"நாங்களும் ஆதில அந்தப் பக்கந்தான். முசிறின்னு சொல்லுவாங்க. அது எங்க இருக்குன்னு கேக்காதீங்க, தெரியாது."

முசிறி எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடாரத்தில் தங்குவதாகச் சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"சிறுத்தை வருமாங்க?" என்று கேட்டேன்.

"இருக்குங்க. மனுசர ஒன்னும் பண்ணாது. பாம்பும் அவ்வளவா இல்ல. மழதான்..." என்று சொல்லி மலையைப் பார்த்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. குளவியைப் பற்றியும் சொல்லவில்லை; பெரிய மலைத்தேனீயை அங்கே குளவி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் பதுளைக்குப் போனோம். எங்கள் சின்ன அடுப்பின் காஸ் குப்பி காலியாகிவிட்டது. கடைத்தெருவில் கேட்காத கடை இல்லை. எல்லோரும் வீட்டுச் சிலிண்டரைத்தான் காட்டினார்கள். பெட்ரோல் போட நின்ற இடத்தில், பம்புக்காரர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வரிசையில் நின்ற ஒருவரிடம் என்னவென்று கேட்டேன். 'அந்த அம்மா சட்டையை விட்டால்தான் ஐயாவுக்கு மூச்சு வரும்' என்று சொன்னாராம். நானும் சிரித்துவைத்தேன். சட்டையை விடவில்லை.

மூன்றாம் நாள் காலை, தெமோதரைப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்து ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். இடது கைப்பக்கம் பள்ளம். வலது பக்கம் செங்குத்தாகத் தேயிலை. ஒரு வளைவில் காலுக்கடியில் 'டப்' என்று சத்தம் கேட்டது. இன்ஜின் வீறிட்டது, வண்டி மட்டும் முன்னால் போகாமல் பின்னால் உருண்டது. பள்ளம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குமரன் எப்படியோ பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால், செயின் பத்தடி தள்ளி ரோட்டில் கிடந்தது.

அறுந்த செயினை இணைக்க ஒரு லாக் வேண்டும். அது குமரனிடம் இல்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கால் மணி நேரம் கழித்து, கீழேயிருந்து ஒரு ஆட்டோ ஏறி வந்தது. ஓட்டியவர் பெயர் சுமித். சிங்களவர். உள்ளே ஒரு முதியவர் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுமித் செயினைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"செயின் லொக் டவுன்ல இருக்கு. நான் இவரை எறக்கிட்டு, போய் வாங்கி வாறது. ஒரு மணித்தியாலம். நீங்க இங்கயே இருங்க."

அவரோடு போகலாமா என்று குமரன் கேட்டார். தனியாக நிற்க எனக்குப் பயம். முன்பின் தெரியாத ஆட்டோவில் தனியாகப் போகவும் பயம். அதனால் இரண்டு பேருமே நின்றோம்.

தூறல் தொடங்கியது. வளைவில் ஒரு பெரிய மரம் இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதனடியில் ஒதுங்கினோம். ரோட்டுக்கு மேலே, மூடுபனிக்குள், பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தலையிலிருந்து தொங்கும் கூடையும், நனையாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குத் துணியும்தான் தெரிந்தன. முகங்கள் தெரியவில்லை.

குமரன் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பயந்துகொண்டு சும்மா நிற்பதைவிட ஏதாவது செய்வது நல்லது என்றும் தோன்றியது. காஸ் இல்லை. மூன்று கல்லைக் கூட்டி, மரத்தடியில் கிடந்த பட்டைகளையும் சருகுகளையும் பொறுக்கிப் பற்றவைத்தேன். பாதி ஈரம். தீ பிடிக்காமல் புகை மட்டும் கட்டிக்கட்டியாக எழுந்தது. குனிந்து ஊதினேன். இன்னும் புகைந்தது.

மேலேயிருந்து ஒரு பெண் "ஏய், ஏய்" என்று கூப்பிட்டார். கையை ஆட்டினார். விசாரிக்கிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

அவர் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுச் செடிகளுக்கு நடுவே சரிவில் ஓடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. ரோட்டில் குதித்து இறங்கியதும், என்னைத் தள்ளிவிட்டு, நெருப்பை ரப்பர் செருப்பால் மிதித்தார்.

"அமத்துங்க. மேல கூடு இருக்கு, பாக்கலயா?"

மேலே பார்த்தேன். ஒரு கிளைக்கு அடியில் முறம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று தொங்கியது. வந்தபோதே அதைப் பார்த்திருந்தேன். மரத்தின் முண்டு என்று நினைத்தேன். இப்போது அதன் மேற்பரப்பு அலை அலையாக அசைந்தது. பிறகு அதன் ஒரு பக்கம் கழன்று காற்றில் கலந்தது.

"ஓடாதீங்க. தலைய மூடுங்க" என்றார் அந்தப் பெண்.

அந்தச் சத்தத்தை இப்போது எழுதும்போதும் கழுத்து கூசுகிறது. ஹெல்மெட் என் காலடியில்தான் கிடந்தது. மாட்டிக் கண்ணாடியை இறக்கினேன். கண்ணாடிக்கு வெளியே, என் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில், அவை ஊர்ந்தன. வயிற்றை வளைத்து வளைத்துக் கண்ணாடியைக் கொட்டின. காலருக்குள் ஒன்று புகுந்து கொட்டியது. சூட்டுக்கோலால் இழுத்தது போல இருந்தது. அந்தப் பெண் தலையில் கட்டியிருந்த துணியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ரோட்டில் குப்புற விழுந்திருந்தார். நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவருடைய முதுகு தெரியாத அளவுக்கு மொய்த்துக்கொண்டிருந்தன.

குமரன் வண்டியிலிருந்து கூடாரத் துணியை உருவி அவர்மேல் வீசினார். என் கையைப் பிடித்து இழுத்து, அதற்குள்ளேயே தள்ளி, தானும் நுழைந்து விளிம்புகளை உடம்பால் அமுக்கினார். மூன்று பேரும் தார் ரோட்டில் முகம் புதைத்துக் கிடந்தோம். துணியின்மேல் குளவிகள் பொரி வெடிப்பது போல மோதின. உள்ளேயும் சில இருந்தன. குமரன் வெறும் கையால் அவற்றை நசுக்கினார்.

மேலே ஒரு ஆண் குரல் கத்தியது. "அசையாதீங்க. யாரும் எந்திரிக்காதீங்க."

"அக்கா, அக்கா" என்று அவரை உலுக்கினேன்.

"பேசாதீங்க. மூச்சுக்காத்துக்குத்தான் குளவி வரும்" என்றார். வார்த்தைகள் குழறின. உதடு வீங்கத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வகுப்பில் ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளையிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அவருடைய மூச்சுகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். நாற்பது வரை வந்ததும் அடுத்தது வரத் தாமதமானது. அதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு அது வந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியாது. மோதல் குறைந்து நின்றபோது, கீழே ஆட்டோ சத்தம் கேட்டது. சுமித் செயின் லாக்கோடு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பின்சீட்டைக் காலி செய்தார். மேலேயிருந்து சாக்கைப் போர்த்திக்கொண்டு தோட்டத்துச் சுப்பர்வைசர் இறங்கி வந்தார். கத்தியவர் அவர்தான்.

"செல்வராணியா? ஐயோ. நேரா பதுளைக்கு கொண்டுபோங்க. நான் வீட்டுல சொல்லி அனுப்புறேன்" என்றார்.

அவருடைய பெயர் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குமரன் வண்டியோடு நின்றுகொண்டார். செல்வராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆட்டோவில் போனேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கண் இரண்டும் கோடாகிவிட்டன. சுமித் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மண்சரிவுப் பலகைகள் வந்தன, போயின. அன்று அவற்றைப் பார்த்துப் பயப்பட எனக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதே ஊசி போட்டார்கள். ஒரு நர்ஸ் சிங்களத்தில் வேகமாகக் கேள்விகள் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுமித் திருப்பிச் சொன்னார்.

"எத்தன மணிக்கு கொட்டினதாம்? கூடு எப்பிடி கலைஞ்சதாம்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து, வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து செல்வராணியின் குரல் வந்தது.

"பருந்து. பருந்து அடிச்சிருச்சு."

சுமித் அதைச் சிங்களத்தில் சொன்னார். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வலியில் பிதற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கழுத்தில் இருந்த நான்கு கொடுக்குகளை ஒரு பயிற்சி டாக்டர் எடுத்துவிட்டார். அவர் போன பிறகு எனக்கு முதலில் வந்த நினைப்பை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இந்த அம்மா இறந்துபோனால் போலீஸ் எங்களைப் பிடிக்குமா, மகளைப் பார்க்க ஊருக்கு விடுவார்களா என்பதுதான் அது. அவர் பிழைக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்ததாகத்தான் வந்தது. அந்த வரிசை எனக்கு இன்றைக்கும் அவமானம்.

குமரன் மாலையில் வந்து சேர்ந்தார். செயினை இணைத்துவிட்டார். ஒரு காது வெற்றிலை மாதிரி வீங்கியிருந்தது, கை இரண்டும் சரியாக மடங்கவில்லை. டாக்டர் வந்து, மூச்சு சீராகிவிட்டது என்றும், ஆனாலும் நாளை வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்போது செல்வராணியின் தங்கை ஓடி வந்தார். சேலை முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சுப்பர்வைசர் சொன்னாருங்க. கூடாரத்த போட்டு மூடி, ஆட்டோல ஏத்திட்டு வந்தீங்களாமே. நீங்க மட்டும் அங்கன இல்லன்னா எங்கக்கா செத்திருக்கும்."

அந்தக் கைகளை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. நாங்கள் அங்கே இல்லையென்றால் அவருடைய அக்கா கொழுந்து பறித்து முடித்து, இந்நேரம் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பார்.

பதுளையிலேயே ஒரு அறை எடுத்தோம். கதவைச் சாத்தியதும் குமரன் சொன்னார்: "நெருப்பு மூட்டினத யார்கிட்டயும் சொல்ல வேணாம்." அவர் குரலில் பயத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தைரியமாக இருந்தவர். ஃபேன் சத்தத்துக்கே உடம்பு தூக்கிவாரிப்போட்டது. அணைத்துவிட்டேன்.

மறுநாள் பார்வை நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றேன். பாண் ரொட்டி, வாழைப்பழம், பிளாஸ்கில் டீ. செல்வராணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் அவருடையதாகவே இல்லை. ஒரு கண் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அந்தக் கண்ணால் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தங்கை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்.

"அக்கா, நெருப்ப மூட்டினது நான்தான்" என்றேன். அழக் கூடாது என்று நினைத்து வந்திருந்தேன். முடியவில்லை.

"தெரியும். பொகைய பாத்துத்தானே எறங்கி வந்தேன்."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். உங்க சுப்பர்வைசர்கிட்ட, டாக்டர்கிட்ட."

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா போலீசு ஒங்களைப் புடிக்கிதோ இல்லையோ, எனக்குத்தான் கேடு. மலைல கொழுந்து எடுக்கிறப்ப கொட்டுச்சுன்னா, வேலைல கொட்டுனதுன்னு எழுதுவாங்க. லீவு தருவாங்க, மருந்து பாப்பாங்க. நிக்கிற வரிசைய விட்டு ரோட்டுக்கு எறங்கி வந்து கொட்டு வாங்குனேன்னு தெரிஞ்சா, யாரு ஒன்ன போகச் சொன்னான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

"அப்ப நேத்து பருந்துன்னு சொன்னது..."

"எனக்குப் புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு. பருந்து கூட்ட அடிச்சிச்சு. மலைல எங்கள கொட்டுச்சு. நான் பயந்து ஓடியாந்து ரோட்டுல விழுந்தேன். நீங்க மூடுனீங்க. கேட்டா இதையே சொல்லுங்க. மாத்தாதீங்க."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் கெஞ்சலும் இல்லை. வகுப்பில் நான் ஒரு கணக்கை இரண்டாம் தடவை சொல்லித்தருவது மாதிரி இருந்தது.

தங்கை திரும்பி வந்தபோது கூடவே சுப்பர்வைசரும் வந்தார். கையில் ஒரு படிவமும் பேனாவும். செல்வராணி சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. பருந்து வந்தத பாத்தீங்களா?"

கட்டிலில் இருந்த அந்த ஒரு கண் என்னைப் பார்த்தது.

"பார்த்தேன்."

"மழைல பருந்து பறந்துச்சா?"

பிளாஸ்கின் மூடியைத் திருகி இறுக்கினேன்.

"தூறல்தாங்க அது. பெருசா மழை இல்ல."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். எழுதி முடித்துக் காகிதத்தை மடித்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"மரத்தடில கொஞ்சம் சாம்பல் கெடந்துச்சு. எந்தக் காலத்துதோ. காலைல தண்ணி போற கானுல தள்ளிவிட்டுட்டேன். தோட்டத்து தொர பாத்தா அது என்ன, இது என்னன்னு கேட்டுக்கிட்டு இருப்பாரு."

போகும்போது எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அது நன்றியா, 'நீ கிளம்பு' என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

செல்வராணி வாழைப்பழத்தை மெல்ல உரித்துக்கொண்டிருந்தார். வீங்கிய விரல்களுக்கு அது பெரிய வேலை. உரித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உரித்ததும் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்னும் இரண்டு நாள் பதுளையிலேயே இருந்தோம். அவர் எழுந்து நடப்பதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம். மலையிறங்கும்போது குமரனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவரும் என்னைப் போலவே ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் வண்டியை ஓட்டினார்.

இந்தக் கட்டுரையில் அந்தத் தோட்டத்தின் பெயர் இல்லை. வளைவு எங்கே இருக்கிறது என்றும் நான் சொல்லப்போவதில்லை. செல்வராணி என்பது அவருடைய பெயர் அல்ல, சுமித் என்பதும் அல்ல. ஏதோ ஒரு அலுவலகத்து அலமாரியில், பருந்து ஒன்று கூட்டைக் கலைத்ததாகவும், இந்தியாவிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் ஒரு தொழிலாளியைக் காப்பாற்றியதாகவும் எழுதிய தாள் இருக்கும். அது அப்படியே இருக்கட்டும். நடந்தது வேறு. நான் நெருப்பு மூட்டினேன். அவர் ஓடி வந்தார்.